கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம்: பழைய தமிழ்ப் படங்களில் மறக்க முடியாத காட்சிகள்

மாட்னி_ஷோ:

பழைய தமிழ்ப் படங்களில் உங்களை உலுக்கிய காட்சி எது என்று யாரைக் கேட்டாலும் பதில் வசனமாகத்தான் வருகிறது. பராசக்தி நீதிமன்றம், ஜாக்சன் துரை முன்னால் கட்டபொம்மன், தருமியின் கேள்விகள். காட்சியைச் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் வசனத்தைப் பேசிக் காட்டுகிறார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் காட்சிகளை நாம் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டோம், கோயில் கொடையில் கேட்டோம், ரேடியோவில் ஒலிச்சித்திரமாகக் கேட்டோம், அப்புறம் கேசட்டில் தேயத் தேயக் கேட்டோம். பேசியவரின் குரல் மனதில் பதிந்துவிட்டது. எதிரில் நின்று கேட்டவர் குரல் எழுப்பவில்லை, அதனால் அவர் நம் நினைவிலேயே இல்லை. ஆனால் திரையில் காட்சியைப் பாதி தாங்கியது அவர்தான். பல இடங்களில் பாதிக்கும் மேலே.

பராசக்தியையே (1952) எடுத்துக்கொள்வோம். நீதிமன்றக் காட்சி என்றதும் நாயகன் குணசேகரனாகச் சிவாஜி பேசியது எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதற்கு முன்பே அந்த நீதிமன்றத்தில் ஒன்று நடந்து முடிந்துவிடுகிறது. குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கல்யாணி தன் கதையைச் சொல்கிறாள். நீதிபதி ஆசனத்தில் இருப்பவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். சந்திரசேகரன், அவளுடைய சொந்த அண்ணன். ரங்கூனிலிருந்து வந்தவர். தங்கையை அடையாளம் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கிறார். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விவரமும் தன் வீட்டு விவரமாக வந்து விழுகிறது. ஒரு நீதிபதி இடையில் எழுந்து கத்த முடியாது, அழவும் முடியாது. சட்டம் அவரை அந்த நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறது. கடைசியில் மயங்கி விழுகிறார்.

அடுத்த முறை பார்க்கும்போது கல்யாணி பேசும் இடத்தில் சகஸ்ரநாமத்தை மட்டும் பாருங்கள். இந்த இழையில் எனக்கு வேண்டியது இதுதான்: கேட்டவர்களால் நின்ற காட்சிகள். எழுதுங்கள்.

---

தாமிரபரணி:

நல்ல தலைப்பு, ஆனால் தொடக்கத்திலேயே என் மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். வசனத்தை இப்படிக் கீழே இறக்க வேண்டாம்.

பராசக்தி வசனம் அச்சுப் புத்தகமாக விற்றது. தெருவில் நின்று அதை ஒப்பித்துக் காசு வாங்கியவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர்கள்கூட அந்தத் தமிழைப் பிழையில்லாமல் பேசினார்கள். கலைஞர் எழுதியது கதாபாத்திரங்களுக்கு மட்டும் என்று நினைக்கிறீர்களா? குணசேகரன் பேசியது நீதிபதியிடம் இல்லை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த ஜனங்களிடம் பேசினார். அங்கே கேட்பவர் என்றால் அவர்கள்தான். சகஸ்ரநாமம் பெரிய நடிகர், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அந்தப் படத்தைத் தாங்கியது தமிழ்.

---

கத்தரிக்கோல்:

நான் ஃபிலிம் காலத்தில் எடிட்டிங் அறையில் உதவியாளராக இருந்தவன். இந்தப் பேச்சுக்குத் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

பராசக்தியை இயக்கியவர்கள் கிருஷ்ணன், பஞ்சு இருவரும். படத்தொகுப்பு என்று டைட்டிலில் வரும் பெயர் பஞ்சாபி. அது பஞ்சுவேதான். வெட்டுகிற கை இயக்குநரின் கையாகவே இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. எந்தச் சொல்லில் பேசுபவரை விட்டுக் கேட்பவருக்குப் போக வேண்டும் என்பது படப்பிடிப்பில் முடிவாவது கொஞ்சம், மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தின் முன்னால் முடிவாவது மிச்சம்.

பார்ப்பவர்களுக்குத் தெரியாத இன்னொன்று. கேட்பவரின் குளோசப் பெரும்பாலும் பேசுபவர் இல்லாமலே எடுக்கப்படும். பெரிய நடிகர் தன் நீள வசனத்தை முடித்துவிட்டு மேக்கப் கலைக்கப் போயிருப்பார். லைட்டை மாற்றி, கேமராவை இந்தப் பக்கம் திருப்பி, உதவி இயக்குநர் ஒருவர் காகிதத்தைப் பார்த்து உணர்ச்சியே இல்லாமல் பிராம்ப்ட் பண்ணுவார். அந்த வறண்ட குரலுக்குக் கேட்பவர் கண் கலங்க வேண்டும். ஃபிலிம் விலை அதிகம், ஆயிரம் அடி ரோல் ஓடுவது சுமார் 11 நிமிடம்தான். அதனால் ரியாக்ஷன் ஷாட்டுக்குத் தாராளமாக டேக் கிடைக்காது. கிடைத்த ஒன்றிரண்டு டேக்கில் ஒருவர் செய்ததைத்தான் நாம் இத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்.

ஒரு ஷாட்டில் கண் இமைக்கும் இடத்தை எடிட்டர் தேடுவார். சொல் விழுகிறது, கேட்பவர் கண்ணை மூடித் திறக்கிறார், அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஃபிரேம் விட்டு வெட்டினால் அந்தச் சொல் அவருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். இமைப்பதற்கு முன்பே வெட்டினால் அவர் இன்னும் அதை ஏற்கவில்லை என்று தோன்றும். பழைய எடிட்டர்களுக்கு இது கைப்பழக்கம்.

---

யாழ்வாசி:

மாட்னி_ஷோ சொன்ன ரேடியோ விஷயம் எங்களுக்கு இன்னும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் இந்தப் படங்களை இலங்கை வானொலி வழியாகத்தான் நாங்கள் அதிகம் அறிந்தோம். படம் கண்ணில் படுவதற்கு முன்பே வசனம் பாடமாகிவிடும்.

காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் நாகேஷ் தகப்பனுக்குப் பேய்க்கதை சொல்லுகிற இடம் அப்படித்தான் எனக்கு வந்தது. ஒலியாகக் கேட்கும்போது அது முழுக்க நாகேஷின் காட்சி. கதவு கிறீச்சிடுவது, காலடி, ஊளை என்று எல்லாம் அவருடைய வாயிலிருந்தே வரும். நாங்கள் அதைச் செய்து காட்டித் திரிந்தோம். பிறகு படத்தை வடிவாகப் பார்த்தபோதுதான் விளங்கியது, அந்தக் காட்சியின் இதயம் டி.எஸ். பாலையா.

அவர் அதில் பணக்காரத் தகப்பன். மகன் செல்லப்பா ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று பெயர் வைத்துப் படம் எடுக்க அலைகிறான், இவர் ஒரு சதம் கொடுக்கமாட்டார். அந்த மிடுக்கோடுதான் கதை கேட்க இருக்கிறார். நாகேஷ் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த இவருடைய மிடுக்கு ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. கண் பெரிதாகிறது, வாய் தானாகத் திறக்கிறது, உடம்பு சின்னப் பிள்ளை போல ஒடுங்குகிறது. பேய் எதுவும் திரையில் இல்லை. பேய் இருப்பது பாலையாவின் முகத்தில். அவர் ஒரு கணம் சந்தேகப்பட்டிருந்தாலும் நாகேஷ் அவ்வளவு நேரம் கத்தியது வீணாகியிருக்கும்.

இந்தப் படத்தை இந்தியில் 1966ல் பியார் கியே ஜா என்று எடுத்தார்கள். அதே இடத்தை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்தார்கள். அங்கேயும் ஒரு கனமான நடிகரைத்தான் கேட்பவராகப் போட்டார்கள். ஏதோ ஒருவரை நிறுத்தினால் நடக்காது என்று தெரிந்திருக்கிறது.

---

இளவேனில்:

யாழ்வாசி அண்ணா, பாலையாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. காதலிக்க நேரமில்லையை இயக்கிய அதே ஸ்ரீதர் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடுத்த நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) பற்றி நான் சொல்கிறேன். இந்தப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

முழுப் படமும் ஒரு மருத்துவமனைக்குள். கணவன் முத்துராமன், மனைவி தேவிகா. ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் கல்யாண்குமார் அவள் முன்பு காதலித்தவர். கணவனுக்கு அது தெரிந்துவிடுகிறது. தான் பிழைக்காவிட்டால் நீ அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அவளுடைய பதில்தான் ‘சொன்னது நீதானா’.

பாட்டு பி. சுசீலா, எழுதியது கண்ணதாசன், இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து போவதையும் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். நான் சொல்ல வருவது முத்துராமனைப் பற்றி. ஒரு மனிதன் பெருந்தன்மை என்று நினைத்து ஒன்றைச் சொல்கிறான். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவள் பாடிப் பாடி அவனுக்குச் சொல்கிறாள். அவள் திட்டவில்லை, கேள்விதான் கேட்கிறாள். பதில் சொல்ல அவனுக்கு வழி இல்லை. நோயாளி, எழுந்து வெளியே போகவும் முடியாது. நல்லது செய்கிறோம் என்ற நிம்மதியோடு இருந்த அவன் முகத்தில் அந்த நிம்மதி கரைந்து வேறொன்று வருகிறது.

தமிழ்ப் படத்தில் ஒரு பெண் பேசி ஓர் ஆண் முழுதாகக் கேட்ட காட்சிகள் எத்தனை? தேடிப் பாருங்கள். இது அந்த அபூர்வத்தில் ஒன்று. முத்துராமனுக்குப் பெரிய நடிகர் என்ற பட்டம் யாரும் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

---

தாமிரபரணி:

இளவேனில், நல்ல எடுத்துக்காட்டு. ஆனாலும் அதில் தேவிகாவின் முகத்தை நீங்கள் குறைத்துவிட்டீர்கள்.

நான் கட்டபொம்மனை (1959) விடமாட்டேன். எங்கள் பக்கத்துக் கதை அது. 1798ல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது வரலாறு. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த வசனம் சிவாஜி நாடக மன்றத்து மேடையில் ஊர் ஊராகப் பேசப்பட்டு, கூர் ஏறிய பிறகு படத்துக்கு வந்தது. அந்தக் காட்சியில் கேட்பவர் யார் என்பது ஒரு பொருட்டே இல்லை. சிவாஜி சுவரைப் பார்த்துப் பேசியிருந்தாலும் தியேட்டர் அதிர்ந்திருக்கும்.

---

நாடகமேடை:

தாமிரபரணி சார், அதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. ஜாக்சனாக வந்தவர் சி.ஆர். பார்த்திபன். அவர் என்ன செய்கிறார் பாருங்கள். விறைப்பாக, அதிகாரமாக, வரி எங்கே என்று கேட்கிற தோரணையில் இருக்கிறார். எதிராளி இறங்கிப் பேசுவான் என்று எதிர்பார்க்கிற முகம் அது. அந்த எதிர்பார்ப்பு அங்கே இருப்பதால்தான் சிவாஜியின் ஒவ்வொரு கேள்வியும் அதன் மேல் போய் மோதுகிறது. பயந்த சுபாவமாக ஒரு ஜாக்சனைப் போட்டிருந்தால் அது பாவம் ஒரு குமாஸ்தாவை மிரட்டுகிற காட்சியாகப் போயிருக்கும். சுவரைப் பார்த்துப் பேசினால் கோபம் வரும், வீரம் வராது.

நான் சிறு வயதில் மேடையில் வேஷம் கட்டியவன். எங்கள் வாத்தியார்கள் பழைய பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்களை வைத்து நடத்திய நாடகக் குழு, வழியில் வந்தவர்கள். அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது பேச்சு இல்லை, அடுத்தவன் பேசும்போது எப்படி நிற்பது என்பதுதான். கையைச் சொறியாதே, கூட்டத்தைப் பார்க்காதே, அவன் சொல்வது உனக்குப் புதுச் செய்தி, தினம் கேட்டாலும் புதுச் செய்தி. ராத்திரி தோறும் அதே வசனத்தை முதல் தடவை கேட்பதுபோலக் கேட்க வேண்டும். சகஸ்ரநாமம் டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் வளர்ந்தவர், பிறகு சேவா ஸ்டேஜ் நடத்தியவர். சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் பையனாகச் சேர்ந்தவர். இவர்கள் கேட்கிற அழகு அங்கே படித்தது.

சிவாஜி என்றால் பேச்சு என்று நினைப்பவர்களுக்குத் தில்லானா மோகனாம்பாள் (1968) ஒன்று போதும். ‘நலந்தானா’ காட்சி. காயம் ஆறாத கையோடு சண்முகசுந்தரம் வாசிக்கிறான். மோகனா ஆடிக்கொண்டே சபை நடுவில் அவனிடம் நலம் விசாரிக்கிறாள். ஊருக்குத் தெரியாமல் கேட்க வேண்டும், அவனுக்கு மட்டும் தெரிய வேண்டும். அவன் என்ன பதில் சொல்வான்? வாயில் நாதஸ்வரம். இரண்டு கையும் துளைகளின் மேல். நடிகனிடமிருந்து குரலைப் பிடுங்கியாயிற்று, கையைப் பிடுங்கியாயிற்று, கன்னமும் காற்றுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது கண்ணும் புருவமும். அதை வைத்துக்கொண்டு வலி, கர்வம், ஆசை, நன்றி எல்லாவற்றையும் அந்த மனிதர் சொல்கிறார். உள்ளே ஒலிப்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. அந்த மூச்சுக்கும் இவர் கன்னத்துக்கும் ஒரு இடத்தில்கூடப் பிசகு இல்லை.

பக்கத்தில் தவிலோடு பாலையா. யாழ்வாசி சொன்ன அதே பாலையா. இருவருக்கும் நடுவில் போகிற பேச்சு புரிந்த ஒரே ஆள் அவர். தாளம் விடாமல் அடித்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். கேட்பவரைக் கேட்கிற ஆள் என்று சொல்லலாமா? எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த முகம் அவருடையதுதான்.

---

மாட்னி_ஷோ:

நாடகமேடை அண்ணே, தவில் பக்கம் பார்க்க வைத்ததற்கு நன்றி.

அந்த நாள் (1954) பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவி.எம் தயாரிப்பு, பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். படம் தொடங்கியவுடன் சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். 1943 அக்டோபரில் சென்னை மேல் குண்டு விழுந்த நேரத்துக் கதை. பிறகு ஒவ்வொருவராக வந்து கொலையைப் பற்றித் தங்கள் தங்கள் கணக்கைச் சொல்கிறார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிற சி.ஐ.டி. அதிகாரி ஜாவர் சீதாராமன். படத்தை எழுதியவரும் அவரே! தானே எழுதிய வசனங்களை அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் கேட்கிற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். நம்புகிறாரா, நம்பவில்லையா என்று கடைசி வரை முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. அவர் கொஞ்சம் காட்டிக்கொடுத்திருந்தாலும் முடிச்சு அவிழ்ந்திருக்கும்.

தாமிரபரணி சொன்ன டூரிங் டாக்கீஸ் ஜனங்கள் விஷயத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கர்ணனை 2012ல் புதுப்பித்து வெளியிட்டபோது பார்த்தேன். தேர்க்காலில் சாய்ந்த சிவாஜிக்கு என்.டி. ராமராவின் கண்ணன் பாடும் இடத்தில் முன்வரிசையிலிருந்து பால்கனி வரை கூடவே பாடினார்கள். ஆனால் அவர்கள் பாடியது எதற்காக என்று யோசியுங்கள். அந்த இடத்தில் கர்ணன் பேசவில்லை, கேட்டுக்கொண்டு கிடக்கிறான்.

---

மலையோரம்:

எல்லோரும் கருப்பு வெள்ளையிலும் புராணத்திலும் நிற்கிறீர்கள். 1978க்கு வாருங்கள்.

தங்கப்பதக்கத்துக்கு வசனம் எழுதியவர் மகேந்திரன். சிவாஜிக்கு அவ்வளவு கனமாக எழுதியவர் தானே இயக்க வந்தபோது பேச்சை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார். முள்ளும் மலரும் படத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? விஞ்ச் ஆபரேட்டர் காளி, ரஜினி. ஒரு கை போய்விட்டது. தங்கை வள்ளி, ஷோபா. அவள் விரும்புவது இன்ஜினியர் குமரனை, சரத்பாபு. காளிக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஊரே திரண்டு வள்ளியைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகிறது. அண்ணன் தனியாக நிற்கிறான். அவள் திரும்பி ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள்.

வேறு படமாக இருந்தால் இங்கே அண்ணன் மனம் மாறி மாப்பிள்ளையைக் கட்டித் தழுவுவான். காளி அப்படிச் செய்யவில்லை. தங்கையை அவனே அழைத்து வருகிறான், கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்கிறான், ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று குமரன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறான். இதைக் கேட்கிற சரத்பாபுவைப் பாருங்கள். கோபம் இல்லை, வெற்றி பெற்ற திமிரும் இல்லை. அந்த ஆளை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். அவர் முகத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்திருந்தால் காளி நம் கண்ணில் சின்ன மனுஷனாகியிருப்பான்.

பாலுமகேந்திராவின் கேமரா அங்கே யாரையும் துரத்தவில்லை. ஆட்களுக்கு நடுவே இருக்கிற தூரத்தை அது காட்டுகிறது. ரஜினி பிறகு எத்தனையோ பன்ச் வசனம் பேசிவிட்டார். இந்த ஒரு வரிக்கு முன்னால் எதுவும் எனக்கு நிற்காது.

---

இளவேனில்:

மகேந்திரன் என்றால் உதிரிப்பூக்களையும் (1979) சொல்லியே ஆக வேண்டும். புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழியில் போய்விட்டார்.

முடிவில் ஊர் முழுவதும் சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. அவன் செய்த கொடுமைக்கு அளவில்லை, பார்க்கிற நாமும் அவன் சாகட்டும் என்றுதான் இருப்போம். அப்போது அவன் அவர்களைப் பார்த்துச் சொல்கிறான்: நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு, உங்களை எல்லாம் என்னை மாதிரி மாற்றியதுதான். விஜயன் இதைக் கத்தாமல் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் நடக்கிறார்.

இங்கே கேட்பவர் ஒருவர் இல்லை, ஒரு ஊர். பெரிய நடிகர் யாரும் இல்லாத கூட்டம். அசோக்குமாரின் கேமராவில் ஒவ்வொரு முகமாக வருகிறது. யாரும் பதில் சொல்லவில்லை, யாரும் பின்வாங்கவும் இல்லை. அந்த நேரத்தில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவன் சாக வேண்டும் என்று நினைத்தவள்தானே நானும். கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள் வேறு நிற்கிறார்கள். அவர்களுக்கு அவன் வெறும் அப்பா. ஒரு படம் பார்ப்பவளைக் கேள்வி கேட்டுவிட்டுப் போவது இதுதான்.

---

புதுவரவு:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் படங்களில் பாதியை நான் பார்த்தது யூடியூபில், அதுவும் துண்டு துண்டாக. ஒரு சந்தேகம். மூன்றாம் பிறை (1982) ரயில் நிலையக் காட்சியை உங்கள் கணக்கில் எப்படி வைப்பீர்கள்? அங்கே ஸ்ரீதேவி கேட்கவே இல்லையே.

---

மலையோரம்:

நல்ல கேள்வி தம்பி. அதுதான் அந்தக் காட்சியின் கொடுமை. கேட்க வேண்டியவள் கேட்காமல் போவது.

எங்கள் நீலகிரி கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது அது. சேற்றில் விழுந்து, கம்பத்தில் மோதி, ரத்தத்தோடு நொண்டிக்கொண்டு, பாத்திரத்தைத் தலையில் வைத்துக் குரங்காட்டம் ஆடுகிறார் கமல். அவளுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது, இவனோடு இருந்த காலம் அழிந்துவிட்டது. யாரோ புத்தி பேதலித்தவன் என்று பார்க்கிறாள். ஸ்ரீதேவி அந்தப் பார்வையில் இரக்கத்தைக்கூடக் கொஞ்சமாகத்தான் வைக்கிறார். ஒரு துளி அடையாளம் கண்டதுபோல நடித்திருந்தால் நமக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். அந்த ஆறுதலை அவர் தரவில்லை. தேசிய விருது கமலுக்குக் கிடைத்தது, சரிதான். ஆனால் கமலின் ஆட்டத்தைத் தாங்க முடியாததாக ஆக்கியது ரயில் ஜன்னலில் இருந்த அந்த முகம்.

முழுப் படத்தையும் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத் துண்டை மட்டும் பார்த்தால் எதை இழக்கிறான் என்று தெரியாது.

---

கத்தரிக்கோல்:

இழையின் கருத்துக்கு எதிராகவே ஒரு காட்சியை வைக்கிறேன். கேட்பவரும் இல்லை, பேசுபவரும் இல்லை.

பாலுமகேந்திராவின் வீடு (1988). சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பப் பெண் வீடு கட்டப் படும் பாடு. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அவளுடைய தாத்தா, சொக்கலிங்க பாகவதர். மேடையில் காலம் கழித்த பழைய ஆள். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பி வருகிறார். வெயில். நிலைக்கதவு இல்லாத வாசல், பூசாத செங்கல். ஒவ்வொரு அறையாகப் போகிறார். சுவரைத் தொடுகிறார். தடவிப் பார்க்கிறார். பின்னால் இளையராஜாவின் இசை, 1986ல் வந்த ஹவ் டு நேம் இட் தொகுப்பிலிருந்து எடுத்தது. வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர் இறந்துவிடுகிறார்.

ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஷாட்டுகளை எடிட்டர் கண்ணோடு பாருங்கள். பாலுமகேந்திரா தன் படத்தைத் தானே வெட்டுபவர். சாதாரணமாக நாம் கை சுவரைத் தொட்டதும் முகத்துக்குப் போவோம். அவர் அவசரப்படவில்லை. கை சுவரில் இருக்கட்டும் என்று விடுகிறார். கிழவர் தன் வேகத்தில் நடக்கட்டும் என்று விடுகிறார். அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும், தியேட்டரில் யாராவது விசில் அடித்துவிடுவார்களோ என்ற பயம் எல்லா எடிட்டருக்கும் உண்டு.

---

நாடகமேடை:

அருமையான இடம் தம்பி. ஆனால் அங்கே கேட்பவர் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாகவதர் அந்தச் சுவரை ஒரு ஆளாக நினைத்துத்தான் தொடுகிறார். மேடையில் இல்லாத ஆளை இருப்பதாக நினைத்து நடித்துப் பழகிய கை அது.

---

கத்தரிக்கோல்:

இல்லை அண்ணே, அங்கே எனக்கு வெறும் சுவர்தான் தெரிகிறது, அதனால்தான் அந்தக் காட்சி என்னை அடிக்கிறது. அந்தச் செங்கலுக்கு இவர் யாரென்று தெரியாது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகமாட்டோம்.

---

யாழ்வாசி:

நாயகன் (1987) பற்றி ஒரு வரி. பேரன் வந்து நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிற இடம். எல்லோரும் கமலின் பதிலைத்தான் சொல்லித் திரிகிறார்கள். பதிலுக்கு முன்னால் வருகிற இடைவெளியைக் கவனியுங்கள். ஆயுள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்ட ஒருவர் முதன்முறையாக ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கிறார்.

---

தாமிரபரணி:

இவ்வளவு எழுதிய பிறகும் நான் என் இடத்திலேயே நிற்கிறேன், வசனம்தான் முதல். ஆனால் உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கிற ஒரு தகவலை நானே தருகிறேன்.

திருவிளையாடலில் (1965) தருமி பாட்டை எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போகிறான். நாகேஷ் பேசுவது, முத்துராமனின் செண்பகப் பாண்டியன் மகிழ்வது எல்லாம் ஒரு பக்கம். எதிரில் இருந்து அந்தப் பாட்டை உன்னிப்பாகக் கேட்டு, பொறு, இதில் பிழை இருக்கிறது என்று எழுகிறாரே நக்கீரர், அவர் ஏ.பி. நாகராஜன். படத்தை எழுதி இயக்கியவர். சிவாஜிக்கும் நாகேஷுக்கும் அவ்வளவு வசனம் கொடுத்துவிட்டு, அதைக் கேட்டு எடைபோடுகிற ஆசனத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார். அந்த நாள் படத்தில் ஜாவர் சீதாராமன் செய்ததையே இவரும் செய்திருக்கிறார். எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் எழுதியதை யார் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அப்புறம் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் நக்கீரர் வாதத்தை விடவில்லை. நானும் விடுவதாக இல்லை. அடுத்து பாசமலர் (1961) முடிவைப் பற்றி எழுதுகிறேன், கண் தெரியாத அண்ணன் தங்கையிடம் பேசும் இடம். அதில் ஆரூர்தாஸ் வசனமா, சாவித்திரியின் முகமா என்று வந்து சொல்லுங்கள்.